உடம்பைக் கேட்டு எழுதுபவர்

மிரேய் தன் சமையலறையிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறினார். தடதடவென்று காரிடார் முழுக்க நடந்து, கோட்டு மாட்டுகிற கொக்கி வரை போய், ஒன்றும் நடக்காதவர் போலத் திரும்பி வந்தார். மறுபடியும் வெளியேறினார். இந்தத் தடவை கோபம் சற்றுக் குறைவு, வேகம் அதிகம்.

மேசையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த கணவர் அர்மான் தலையைத் தூக்கவில்லை.

"யாரு மேல கோவம்?"

"எனக்கில்ல. கதையில ஒருத்தனுக்கு. மச்சான் மேல."

"அப்ப கதவை அறைஞ்சிருப்பானே."

"அதத்தான் பாக்குறேன். அறையல. விருட்டுனு போறான், அவ்வளவுதான்."

"அப்ப தோளை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளு. இப்பப் பாத்தா பஸ்ஸப் பிடிக்கப் போற மாதிரி இருக்கு."

மிரேய் தோளை முன்னால் தள்ளிக்கொண்டு இன்னொரு தடவை வெளியேறினார். கொக்கிக்குப் பக்கத்தில் சொல் கிடைத்திருக்க வேண்டும். அங்கிருந்து ஓடி வந்து, இஸ்திரிப் பலகையின் முன் நின்று, மடிக்கணினியில் ஒரு வரியைத் தட்டினார்.

அவருக்கு மேசை அந்த இஸ்திரிப் பலகைதான். கணினி, முதுகு கிழிந்த அகராதி, வெண்ணெயும் உப்பும் வைத்த முள்ளங்கித் தட்டு எல்லாம் அதன்மேல்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் வினைச்சொல் வராது என்பது அவர் கட்சி. பிரான்சின் தியெப் துறைமுகத்தில், மீனவர்கள் குடியிருக்கும் பொல்லேப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்துகொண்டு ஆங்கில நாவல்களைப் பிரெஞ்சில் பெயர்த்தே தலை நரைத்தவர் அவர். துணி தேய்க்க வேண்டுமென்றால் அர்மான் படுக்கையில் போர்வையை விரித்துத் தேய்த்துக்கொள்வார்.

ஆங்கிலத்தில் ஒரு சின்ன வினைச்சொல்லுக்குப் பின்னால் 'இன்', 'அவுட்', 'ஆஃப்' என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் போதும். ஆள் எப்படிப் போனான், எந்தப் பக்கம் போனான் என்ற இரண்டு சங்கதியும் முடிந்துவிடும். நொண்டுவதற்கு ஒரு சொல், பின்னால் ஒரு 'இன்', ஆள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாயிற்று. நமக்கும் இதில் கஷ்டமில்லை, 'நொண்டிக்கொண்டே வந்தான்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். பிரெஞ்சுக்கு அது பழக்கமில்லை. வந்தானா போனானா என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். எப்படி வந்தான் என்பது பிறகு, கடைசியில், இடமிருந்தால்தான். எல்லா வாக்கியத்திலும் அதைக் கொண்டுவந்து வைத்தால், கல்யாணம் முடிந்த மண்டபத்து நாற்காலிகள் போல வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஆகையால் பாதி 'எப்படி'களை மிரேய் கழித்துவிடுவார்.

எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அவரிடம் ஒரே கேள்விதான் உண்டு. "இது இல்லன்னா யாராச்சும் கவனிப்பாங்களா?" கவனிக்கமாட்டார்கள் என்றால் அது போய்விடும். பாரிஸில் இருக்கும் பதிப்பாசிரியர் தெல்ஃபினுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். மிரேயின் பிரெஞ்சு வழவழவென்று ஓடுகிறது என்று விமர்சகர்கள் எழுதும்போதெல்லாம் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்.

ஆனால் கழிப்பதற்கு முன் உடம்பைக் கேட்டாக வேண்டும். "இரு, உடம்பு என்ன சொல்லுதுனு பாப்போம்" என்பார். மேசைக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் வருவார். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வார், கீழே மீன் இறக்குகிறவர்கள் கை தட்டுவார்கள். ரொட்டிக் கடையில் ஒரு தடவை சில்லறையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைக் கடைக்காரரிடமே வைத்தபடி பின்னாலேயே நடந்து வெளியே போனார். அன்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது துப்பறியும் நாவல். கடைக்காரர் மட்டும் கல்லாவைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

தெருவில் போகிறவர்களையும் விடுவதில்லை. சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பெரியவர் நொண்டிக்கொண்டு போவதைக் கண்டு, கூடையோடு அவர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். பெரியவர் சட்டென்று திரும்பிவிட்டார்.

"கிண்டல் பண்றீங்களா மதாம்?"

"ஐயோ இல்லைங்க. கத்துக்கிறேன். என் தொழில் அப்படி."

பெரியவர் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒழுங்காச் செய்ங்க. எனக்கு வலி முட்டியில. நீங்க என்னமோ இடுப்ப ஆட்டிட்டு வர்றீங்க." பாலாடைக்கட்டிக் கடையிலிருந்து தேவாலயம் வரை அவரே நடந்து காட்டினாராம். இந்தக் கதையை மிரேய் பெருமையாகச் சொல்வார். "பின்னாலயே போனாத்தான் புரியும். எதிர்ல நின்னு பாத்தா மூஞ்சிதான் தெரியும். காலு தெரியாது."

பெண்களின் நடைக்கு மிரேய் தானே போதும். ஆண்களின் நடைக்கு அர்மான்தான். கார் ஏற்றுகிற கப்பலின் அடித்தளத்தில் நின்று, இங்கிலாந்துக்குப் போய்வரும் கார்களைக் கையசைத்து உள்ளே விட்டு, வெளியே அனுப்பி ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் என்றால் அவருக்கு 'பேக் அப்', 'ஹோல்ட் ஆன்', 'கெட் அவுட்', இவ்வளவுதான். "இவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்ததே நான்தான்" என்று விருந்தாளிகளிடம் அளப்பார். சாப்பிடக் கூப்பிடும்போதும் வாயைத் திறக்கமாட்டார். சமையலறை வாசலில் நின்று, லாரியை உள்ளே விடுகிற மாதிரி இரண்டு கையையும் தன் பக்கமாக அசைப்பார். மிரேயும், அவர் உள்ளங்கையைக் காட்டும் வரை சாப்பாட்டுத் தட்டை நோக்கி நடந்து, காட்டியதும் நிற்பார்.

செய்து காட்டுவதில் அர்மானுக்கு ஒரு தனிப் பழக்கம். ஒரு தடவை நடந்து காட்டிவிட்டு, யாரும் கேட்காமலே பாதியில் நின்று, மறுபடியும் மெதுவாக நடந்து காட்டுவார். கப்பலில் புதிதாக வந்தவர்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தந்த கை அது. முதல் தடவை பார்க்க, இரண்டாம் தடவை பிடித்துக்கொள்ள.

இந்தக் கூத்தெல்லாம் கீழ்வீட்டு மதாம் அமெலின் தலைக்கு மேல்தான் நடக்கிறது. துறைமுகத்தில் சிப்பி விற்கிற அந்த அம்மாள், மேலே கேட்கும் காலடியை வைத்தே கதை என்னவென்று சொல்லிவிடுவார். "என்ன மதாம், இந்த மாசம் போலீஸ் கதையா? ஓடிக்கிட்டே இருக்காங்களே." குறையாகச் சொல்வதில்லை. அவர் வீட்டில் டிவி பழுதாகி வெகுகாலம் ஆகிறது.

இலையுதிர் காலத்தில் வந்தது அந்தப் புத்தகம். யார்க்‌ஷயர் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் அப்பாவைப் பற்றி எழுதிய நாவல். அப்பா பஸ் ஓட்டியவர். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். பக்கத்துக்குப் பக்கம் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். கதவருகே போவார், ஜன்னலுக்கு வருவார், தோட்டத்துக்கு இறங்குவார். ஒவ்வொரு முறையும் எப்படிப் போனார், எப்படி வந்தார் என்று அந்தப் பெண் விடாமல் எழுதியிருந்தாள். காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார், சாய்ந்துகொண்டு போனார், சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினார்.

"இந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லையா?" என்று மிரேய் அலுத்துக்கொண்டார். வந்தார், போனார், இறங்கினார் என்று எழுதிக்கொண்டே போனார். கேள்வியைக் கேட்டார், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தோன்றியது. புத்தகத்தை முன்கூட்டியே படித்து வைக்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் சோம்பல் வந்துவிடும் என்று, வாசகனைப் போலவே பக்கம் பக்கமாகத்தான் போவார். தெல்ஃபின் இதற்காக எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார்.

அந்த நாட்களில்தான் மாடிப்படியில் மதாம் அமெல் எதிர்ப்பட்டார். கையில் சிப்பிக் கூடை.

"இந்தத் தடவை நொண்டுறவன் கதையா மதாம்?"

"அப்பா ஒருத்தர் வர்றார். ஆனா நாங்க நடந்தே பாக்கலையே. அதெல்லாம் வெட்டிட்டேன்."

"அப்படியா? காலங்காத்தாலயே சத்தம் கேக்குதே. ஒரு காலு வைக்குது, ஒரு காலு இழுக்குது. சார்தான் ஒத்திகை பாக்குறார்னு நெனச்சேன்."

"செருப்பா இருக்கும். பழைய செருப்பு, அடி தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டிருந்தார்."

அன்று மாலையே மிரேய் கணவருக்கு வீட்டுக்குள் போடப் புதுச் செருப்பு வாங்கி வந்தார், ஆட்டுரோமம் வைத்தது. அர்மான் போட்டுப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். வீட்டில் ஒத்திகையே இல்லாத நாட்களில் மேலே இழுக்கிற கால் யாருடையது என்ற கேள்வி, படியிலேயே நின்றுவிட்டது. வேறு எந்த வீடாக இருந்தாலும் கீழ்வீட்டுக்காரர் அன்றைக்கே நேரில் வந்து விசாரித்திருப்பார். இந்த வீட்டில் யார் எப்படி நடந்தாலும் அது வேலைதான் என்று எல்லோரும் பழகியிருந்தார்கள், மிரேய் உள்பட. அலைதடுப்புச் சுவரின் முனைக்கு மீன் பிடிக்கப் போவதை அர்மான் நிறுத்தியிருந்தார். காற்று அதிகம் என்றார். தியெப்பில் காற்று இல்லாத நாள் எது என்று மிரேய் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு பிற்பகல், மிரேய் இஸ்திரிப் பலகையின் முன் அசையாமல் நின்றார். அவர் அசையாமல் நின்றால் ஏதோ சரியில்லை என்று அர்மானுக்குத் தெரியும்.

"என்னாச்சு?"

"புத்தகத்துல டாக்டர் கேக்குறார், இவர் எப்பலருந்து இப்படி நடக்கிறார்னு. பொண்ணுக்குச் சொல்லத் தெரியல. அம்மாவுக்கும் தெரியல. ஒரே வீட்ல இருந்திருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியல." மிரேய் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா படிக்கிறவனுக்குத் தெரியணும், அர்மான். அவ முதல் பக்கத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா காட்டிட்டே வந்திருக்கா. நான் ஒண்ணு விடாம வெட்டிப் போட்டிருக்கேன். என் புத்தகத்துல அந்த மனுஷன் கடைசி வரைக்கும் நல்லா நடக்கிறார்."

"திருப்பிப் போட்டுடு."

"போடணும். வழவழப்பு போனாப் போகட்டும். வா, மொதல்லருந்து நடந்து பாப்போம்."

அர்மான் மகிழ்ச்சியாகவே எழுந்தார். காரிடாரில் நின்று, புத்தகத்து அப்பா என்னென்ன செய்தார் என்று மிரேய் சொல்லச் சொல்ல நடந்து காட்டினார். கடைசி மாதங்களில் சுவரைத் தொட்டுக்கொண்டு போனதை, அதற்கு முன் ஒரு பக்கம் சாய்ந்ததை, அதற்கும் முன் காலைத் தேய்த்ததை. ஒவ்வொன்றையும் வழக்கம் போலப் பாதியில் நிறுத்தி மெதுவாக இன்னொரு தடவை செய்தார். அற்புதமாக வந்தது. மிரேய் ஓடி ஓடி வந்து கணினியில் தட்டினார்.

"பிரமாதம். இப்ப ஆரம்பம். அவருக்கு ஒண்ணுமே ஆகல. கதவுலருந்து ஜன்னல் வரைக்கும் சும்மா நட."

அர்மான் நடந்தார்.

"இழுக்காத. இது நோய் வர்றதுக்கு முன்னால."

அர்மான் திரும்பிக் கதவுக்குப் போய், மறுபடி நடந்தார். இடது செருப்பு தரையை உரசிக்கொண்டு வந்தது.

"அர்மான், நடிக்காத. சும்மா நடன்னுதான் சொன்னேன்."

"சும்மாதான் நடக்கிறேன்."

கீழே துறைமுகத்தில் யாரோ பெட்டிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. மிரேய் அவருடைய கால்களைப் பார்த்தார். புது ஆட்டுரோமச் செருப்பின் இடது முனை அதற்குள் கறுத்துத் தேய்ந்திருந்தது. வலது செருப்பு கடையிலிருந்து வந்தது போலவே இருந்தது.

அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஊரில் நொண்டுகிறவன் ஒருவனையும் விடாமல் பின்னாலேயே போனவர், தன் வீட்டுக்குள் வந்தார் போனார் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்பலருந்து?" என்றார்.

அர்மான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தெரியல. கோடைக்காலத்துல படியேறும்போது ஒரு நாள் தட்டுச்சு. செருப்புன்னு நெனச்சேன்."

"செருப்புன்னு நெனச்சியா, செருப்புன்னு எங்கிட்டச் சொன்னியா?"

அவர் சற்று யோசித்தார். "ரெண்டும்."

"எதுக்குச் சொல்லல?"

"நீ புத்தகத்துல இருந்த. அப்புறம் சொன்னா அது நெசமாயிடும் பாரு. சொல்லாத வரைக்கும் செருப்புதானே." காலை நீட்டி, யாருடையதோ போல அதைப் பார்த்தார். "இப்ப நீ அந்த ஆளு மாதிரி நடந்து காட்டுன்னு சொன்னதும் எனக்கு என்ன நிம்மதி தெரியுமா. அரைமணி நேரம் மறைக்காம நடந்தேன்."

மிரேய் போய் அவர் பக்கத்தில் ஜன்னல் கட்டையிலேயே உட்கார்ந்தார். நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிற பெண் இப்படி வந்து உட்கார்ந்ததில் அர்மானுக்கே கலக்கம் வந்துவிட்டது.

"ஒண்ணுமிருக்காது" என்றார். "நரம்பு பிசகியிருக்கும். கப்பல்ல அத்தனை வருஷம் ஈரத்துல நின்னது."

"டாக்டரைப் பாக்கணும்."

"அவரும் இதையேதான் கேப்பாரு. எப்பலருந்துனு. நானும் நீயும் முழிச்சிட்டு நிக்கப் போறோம், உன் கதையில வர்ற மாதிரி."

"முழிக்க வேண்டாம். மதாம் அமெலைக் கேட்டா எந்த வாரம், எந்தக் கிழமைன்னு சொல்லிடுவாங்க."

அர்மான் சிரித்தார். மிரேயும் சிரித்தார். பிறகு மிரேயின் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அர்மான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார், கப்பலுக்குள் ஏறத் தயங்குகிற காரின் முதுகைத் தட்டுவாரே, அதே மாதிரி.

"உன் தெல்ஃபினுக்கு என்ன சொல்லுவ? புத்தகம் தள்ளிப் போகுமே."

"தள்ளிப் போகட்டும். முதல் பக்கத்துலருந்து எல்லாத்தையும் போடப் போறேன். யாராவது கவனிப்பாங்களான்னு அவ கேட்டா, கேக்கட்டும்." மிரேய் மூக்கை உறிஞ்சினார். "நீ இரு, டாக்டருக்கு நான் போன் பண்றேன்."

"எதுக்கு நீ? என் கால்தானே. நானே பண்றேன்."

போன் இருப்பது காரிடாரின் கடைசியில், கோட்டுக் கொக்கிக்குக் கீழே. அர்மான் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றி எழுந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லாததால் தன் பாட்டுக்கு நடந்தார். வலது கால் வைத்தது. இடது கால் அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

மிரேய் எழுந்தார். அர்மானின் முகத்துக்கு முன்னால் போகவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. இரண்டடி பின்னால் நின்றுகொண்டு, வலது காலை வைத்து, இடது செருப்பைத் தரையோடு தரையாக இழுத்தார். சரியாக வரவில்லை. குதிகாலைச் சற்று உயர்த்தி, முன்பாதத்தைத் தளர்த்தி, மறுபடியும் இழுத்தார்.

பின்னால் இன்னொரு கால் உரசுவது அர்மானின் காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காரிடாரின் பாதியில் நின்றார். பிறகு மிரேய்க்குப் புரிகிற மாதிரி, மெதுவாக, இன்னொரு தடவை நடந்து காட்டினார்.